மாறினேன் என்பவரின் சாட்சி: உளமருத்துவத்தில் அகமாற்றம் ஆராயப்பட்ட வரலாறு

சாட்சிக் கூட்டங்களில் பழகியவர்கள் நாம். ஒருவர் எழுந்து, தாம் முன்பு இருந்த நிலையையும் இப்போது இருக்கும் நிலையையும் எடுத்துரைக்கும்போது சபை மகிழ்கிறது. அடுத்த மாதச் சபைச் செய்தித்தாளில் அச்சாட்சி அச்சேறுகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் ஆயராகப் பணியாற்றிய ஒரு கிராமச் சபையில், குடிப்பழக்கத்தினின்று விடுபட்ட ஒருவர் இவ்வாறு சாட்சி கூறினார். அதனை அச்சிட்டு வெளியிட்டவர்கள் நாமே. எட்டு மாதங்கள் கழித்து அவர் மீண்டும் குடியில் வீழ்ந்தார். அதன்பின் அவர் ஆலயத்திற்கு வரவில்லை. நாமும் அவரைத் தேடிச் செல்லவில்லை. அவருடைய சாட்சி பொய் என்று சிலர் கூறினர். அது பொய்யா, இன்னும் முதிராத மெய்யா என்று கேட்க அன்று நமக்குத் தோன்றவில்லை.

மனிதர் மெய்யாகவே மாறுகின்றனரா? மாறுவரேல் எதனால் மாறுகின்றனர்? மாறினர் என்பதற்கு யார் சாட்சி? திருச்சபைக்குப் பழமையான இவ்வினாக்களை, உளமருத்துவம் என்னும் துறையும் நூறாண்டுகளுக்கு மேலாகத் தன்னைத்தானே கேட்டு வந்துள்ளது. பிராய்டின் வழிவந்த உள இயக்கவியல் மருத்துவரும், யுங்கின் வழிவந்தோரும் இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்கள் அகமாற்றம் என்றதும் வேதாகமம் மறுபிறப்பு என்பதும் ஒன்றே என நாம் வாதிடவில்லை. ஆயினும் மாற்றத்தைக் குறித்த ஒரு கூற்றை எவ்வாறு மதிப்பது, எவ்வாறு சோதிப்பது என்பதில் அவர்களிடமிருந்து ஆற்றுப்படுத்தும் பணியாளர் கற்கவேண்டியவை உண்டு.

1. முதற் சாட்சியும் அதன் மறுபக்கமும்

வியன்னா நகர மருத்துவரான யோசப் பிராயர், 1880 முதல் 1882 வரை ஓர் இளம் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். கைகால் விறைப்பு, பேச்சுத் தடை, பார்வைக் கோளாறு முதலிய பல துன்பங்கள் அவருக்கு இருந்தன; உடலில் காரணம் ஒன்றும் புலப்படவில்லை. ஓர் அறிகுறி முதன்முதலில் தோன்றிய வேளையை அப்பெண் நினைவுகூர்ந்து, அப்போது அடக்கிய உணர்ச்சியோடு எடுத்துரைத்தபோது, அவ்வறிகுறி நீங்கியதாகப் பிராயர் கண்டார். இம்முறைக்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டவர் அப்பெண்ணே. 1895ஆம் ஆண்டு பிராயரும் சிக்மண்டு பிராய்டும் இணைந்து வெளியிட்ட நூலில் இவ்வரலாறு அன்னா ஓ. என்னும் மாற்றுப்பெயரில் இடம்பெற்றது. உளப்பகுப்பாய்வின் முதற் சாட்சி இதுவே எனலாம்.

ஆனால் வரலாற்றாய்வாளர் ஹென்றி எல்லன்பெர்கர் 1972இல் வெளியிட்ட சான்றுகள் வேறொன்றைக் காட்டின. சிகிச்சை முடிந்ததாகக் கூறப்பட்ட அதே 1882ஆம் ஆண்டில், அப்பெண் சுவிட்சர்லாந்து நாட்டின் கிராய்ட்ஸ்லிங்கன் ஊரிலிருந்த ஒரு மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். நோய் முற்றிலும் நீங்கவில்லை. நூலில் அச்சேறிய சாட்சி, வாழ்க்கை காட்டிய சாட்சியைவிட நிறைவானதாக இருந்தது.

இங்கு நம் சிந்தனைக்குரிய இன்னொரு செய்தியும் உண்டு. அப்பெண்ணின் இயற்பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிற்காலத்தில் அவர் ஜெர்மனியில் ஆதரவற்ற பெண்களுக்காக உழைத்தார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். பெண்களை விலைபேசும் கொடுமையை எதிர்த்துப் போராடினார். ஆகவே அவர் வாழ்வில் பெரியதொரு மாற்றம் மெய்யாகவே நிகழ்ந்தது. அது மருத்துவரின் ஏட்டில் எழுதப்பட்ட காலத்தில் நிகழவில்லை; ஏடு மூடப்பட்ட பின்னர், எவரும் குறிப்பெடுக்காத ஆண்டுகளில் நிகழ்ந்தது.

2. அறிவு போதாது என்று பிராய்டு கண்டது

தொடக்கத்தில் பிராய்டு, மறைந்திருக்கும் நினைவை நனவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எண்ணினார். நோயாளிக்கு அவருடைய மனத்தின் உண்மையை எடுத்துரைத்தால் அவர் மாறுவார் என்பது எதிர்பார்ப்பு. அனுபவம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1900ஆம் ஆண்டின் இறுதியில், டோரா என்று அவர் பெயரிட்ட 18 வயதுப் பெண், ஏறக்குறைய மூன்று மாதச் சிகிச்சைக்குப் பின் திடீரென விலகிச் சென்றார். 1905இல் அவ்வரலாற்றை வெளியிட்டபோது, அப்பெண் தன் வாழ்வில் பிறரிடம் கொண்டிருந்த உணர்ச்சிகளைத் தம்மீது சுமத்தியதை உரிய வேளையில் காணத் தவறினோம் என்று பிராய்டு ஒப்புக்கொண்டார். தோல்வியடைந்த ஒரு சிகிச்சையிலிருந்தே உணர்ச்சி இடமாற்றம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1914இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் மேலும் ஒரு படி சென்றார். மனிதர் தம் கடந்தகாலத்தை நினைவாக எடுத்துரைப்பதற்கு மாறாக, பெரும்பாலும் அதனைச் செயலாகத் திரும்ப நடத்திக் காட்டுகின்றனர். தந்தையிடம் அஞ்சியவர் மருத்துவரிடமும் அஞ்சுகிறார். எனவே ஒருமுறை விளக்கிக் கூறுவதால் மட்டும் மாற்றம் வாராது. அதே முடிச்சை மீண்டும் மீண்டும் அவிழ்க்கும் நீண்ட பொறுமை இருவருக்கும் வேண்டும் என்றார். ஒரு பிரசங்கத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கும் நமக்கும் இது தக்க நினைவூட்டல் ஆகும்.

3. சூரிக் நகரின் இரு குரல்கள்

கார்ல் குஸ்தாவ் யுங் 1875இல் சுவிட்சர்லாந்தில் ஒரு சீர்திருத்தத் திருச்சபை ஆயரின் மகனாகப் பிறந்தார். திடப்படுத்தல் வகுப்பில் திரித்துவம் பற்றிய பாடத்திற்காக ஆவலோடு காத்திருந்ததாகவும், அது தமக்கே விளங்கவில்லை என்று கூறித் தந்தை அதனைக் கடந்து சென்றதாகவும் அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். விடையில்லாத அவ்வகுப்பு அவர் உள்ளத்தில் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டது.

1900இன் இறுதியில் சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் பணியேற்ற யுங், முதலில் ஆய்வுக்கூட முறையையே கையாண்டார். சொற்களை ஒவ்வொன்றாகக் கூறி, கேட்பவர் எந்தச் சொல்லை விடையாகத் தருகிறார், எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்று அளந்தார். தயக்கம் நேர்ந்த இடங்களில் உணர்ச்சி நிறைந்த மனமுடிச்சுகள் இருப்பதைக் கண்டார். பிராய்டை 1907இல் சந்தித்து நட்புக்கொண்டார். 1913இல் அந்நட்பு முறிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தம்முடைய கனவுகளையும் உட்காட்சிகளையும் தாமே பதிவு செய்தார். அப்பதிவேடு செந்நூல் என்னும் பெயரில் 2009இல்தான் அச்சில் வெளிவந்தது. பிறரை அளந்தவர் தம்மையே ஆய்வுப்பொருளாக்கினார்.

1929இல் யுங் எழுதிய ஒரு கட்டுரை நமக்கு மிகவும் பயனுள்ளது. உளமருத்துவத்தை அவர் நான்கு நிலைகளாகப் பகுத்தார்: அறிக்கையிடுதல், விளக்கம் பெறுதல், கல்வி, உருமாற்றம். மறைத்ததை வெளிப்படுத்துதல் முதல் நிலை. இதன் வேர் பண்டைய பாவ அறிக்கையில் உள்ளது என்றார். பிராய்டின் விளக்கமுறை இரண்டாம் நிலை. வாழ்க்கைக்கு ஏற்பத் தன்னைச் சீர்ப்படுத்தக் கற்கும் ஆட்லரின் முறை மூன்றாம் நிலை. நான்காம் நிலையில் மருத்துவரும் சிகிச்சைக்கு உட்படுகிறார். இரு பொருள்கள் கலந்து வினைபுரியும்போது இரண்டும் மாறுவது போல, இருவர் மெய்யாகச் சந்திக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் மாற இயலாது என்பது அவர் துணிபு. ஆகவே மருத்துவர் முதலில் தாமே பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும் என்று வற்புறுத்தினார். இக்கோரிக்கையைச் சூரிக் குழுவினரின் நற்பணியாகப் பிராய்டும் 1912இல் பாராட்டியிருந்தார்.

1932ஆம் ஆண்டு மே மாதம், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அல்சேஸ் பகுதி ஆயர்களின் மாநாட்டில் யுங் உரையாற்றினார். வாழ்வின் நடுப்பகுதியைக் கடந்து தம்மிடம் வந்தோரின் சிக்கல், முடிவில் சமயநோக்கை இழந்த சிக்கலாகவே இருந்தது என்று அவர் கூறியதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவ்வுரையின் கூர்மை வேறோரிடத்தில் உள்ளது. கண்டனம் செய்பவரால் எவரையும் மாற்ற இயலாது. ஒருவருடைய இருளை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், முதலில் தன் இருளை ஏற்றுக்கொண்டவராக இருத்தல் வேண்டும் என்று ஆயர்களுக்கே அவர் எடுத்துரைத்தார். முதல் வாக்கியத்தை மேற்கோள் காட்டி மகிழும் நாம், பின்னதைப் படிக்கத் தயங்குகிறோம்.

அதே சூரிக் நகரில் ஆயராக இருந்த ஆஸ்கர் பிஃஸ்டர், ஆற்றுப்படுத்தும் பணியில் உளப்பகுப்பாய்வைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர். அவர் 1909இல் பிராய்டுடன் தொடங்கிய கடித உறவு, 1939இல் பிராய்டு மறையும்வரை நீடித்தது. பிராய்டு 1927இல் சமயத்தை மாயை என்று எழுதியபோது, பிஃஸ்டர் மறு ஆண்டே மறுப்புரை எழுதினார். அது உளப்பகுப்பாய்வாளரின் இதழிலேயே வெளிவந்தது. நட்பும் முறியவில்லை, நம்பிக்கையும் குலையவில்லை. அன்பு தடைப்படும் இடத்தில் அச்சம் பெருகுகிறது என்பது 1944இல் அவர் வெளியிட்ட பெருநூலின் மையக்கருத்தாகும். அச்சமுற்றவர் மாறுவதற்கு முதலில் அன்பு மீண்டும் பாய வழி வேண்டும் என்று அவர் கண்டார்.

4. சொல்லா, உறவா?

மாற்றத்தை விளைவிப்பது எது என்னும் வினாவை நேராக எழுப்பியவர் இலண்டன் நகர ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி. 1934இல் வெளியான கட்டுரையில் அவர், எல்லா விளக்கமும் மாற்றத்தைத் தருவதில்லை என்றார். நோயாளி மருத்துவரையே கடுமையான நீதிபதியாகக் கண்டு அஞ்சும் அந்த வேளையில், அவ்வச்சத்தைச் சுட்டிக்காட்டும் விளக்கமே மாற்றம் தரவல்லது. ஏனெனில் தாம் அஞ்சிய உருவத்திற்கும் எதிரே இருக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டை நோயாளி அப்போதே உணர்கிறார். சொல்லும் உறவும் ஒரே கணத்தில் சந்திக்கவேண்டும் என்பது இதன் சாரம்.

சிக்காகோ நகரில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், தாமஸ் ஃபிரெஞ்ச் இருவரும் 1946இல் வெளியிட்ட நூலில் உறவின் பக்கம் மேலும் சாய்ந்தனர். பழைய காயத்தைப் புதிய, நலமான ஓர் உறவில் மீண்டும் அனுபவிப்பதே மனிதரை மாற்றுகிறது என்றனர். இதற்கு அலெக்சாண்டர் காட்டிய சான்று, விக்டர் ஹியூகோவின் புதினத்தில் வரும் ஜீன் வால்ஜீன். தன் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைக் காவலரிடம் ஒப்புக்கொடாமல், விளக்குத்தண்டுகளையும் சேர்த்தளித்த பேராயரின் செயலை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் எடுத்துக் கூறியிருக்கிறோம். ஆனால் அக்கதையில், அவ்விரக்கத்தைப் பெற்ற பின்னும் வால்ஜீன் ஒரு சிறுவனின் நாணயத்தைப் பறித்துக்கொள்கிறான். அதன் பின்னரே உடைந்து அழுகிறான் என்பதைப் பிரசங்கிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இரக்கம் பெற்றவனுக்கும் ஒரு வீழ்ச்சி நேர்ந்தது. அவ்வீழ்ச்சியும் மாற்றத்தின் பகுதியாயிற்று.

அலெக்சாண்டர் மீது கண்டனமும் எழுந்தது. பெற்றோருக்கு மாறான பாங்கை மருத்துவர் திட்டமிட்டு மேற்கொள்ளலாம் என்று அவர் கூறியது நடிப்பாகும் என்றனர். அக்கண்டனம் நியாயமானதே. நடிக்கப்பட்ட அன்பு அன்பாகாது என்பதை நோயாளிகளும் அறிவர், சபையாரும் அறிவர்.

5. தன்னையே சாட்சியாக்கிய ஓர் ஆயர்

இவ்விவாதத்தின் நடுவே, ஆயராக இருந்து உளமருத்துவரான ஒருவரின் வரலாறு தனியிடம் பெறுகிறது. ஹாரி கன்ட்ரிப் 1901இல் இங்கிலாந்தில் பிறந்தார். காங்கிரிகேஷனல் திருச்சபையில் ஆயராகப் பணியாற்றினார். லீட்ஸ் நகரில் பெரிய சபையொன்றின் பொறுப்பை ஏற்றிருந்தார். 1946 முதல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவத் துறையில் பணிபுரிந்தார். போதகர்களுக்காக ஓர் உளவியல் நூலையும் 1949இல் வெளியிட்டார்.

அவர் வாழ்வில் விளங்காத ஒரு துன்பம் இருந்தது. நெருங்கிய நண்பரோ உடன்பணியாளரோ பிரியும்போதெல்லாம், காரணமின்றி உடல் சோர்ந்து படுக்கையில் வீழ்வார். அவருக்கு மூன்றரை வயதானபோது அவருடைய தம்பி பெர்சி இறந்தான். தாயின் மடியில் உயிரற்றுக் கிடந்த குழந்தையைக் கண்டு, அவனைப் போகவிடவேண்டாம் என்று தாம் கதறியதாகத் தாய் பின்னர் கூறக் கேட்டிருந்தார். தமக்கோ அந்நினைவு சிறிதும் இல்லை. அதன்பின் சிறுவன் ஹாரி கடும் நோயுற்றுச் சாகும் நிலையை அடைந்தான். உறவினர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபின் பிழைத்தான். பெர்சியின் மறைவு முழு மறதியில் புதைந்தது.

அம்மறதியின் திரையை விலக்கக் கன்ட்ரிப் இருவரிடம் சென்றார். 1950களில் எடின்பர்க் நகருக்குப் பயணம் செய்து ரொனால்டு ஃபேர்பேர்னிடம் 1,000 அமர்வுகளுக்கு மேல் பகுப்பாய்வு பெற்றார். 1960களில் இலண்டனில் டொனால்டு வின்னிகாட்டிடம் 150க்குச் சற்று அதிகமான அமர்வுகள் பெற்றார். ஒவ்வோர் அமர்வையும் எழுதி வைத்தார். மனிதர் உறவை நாடும் இயல்பினர் என்று புதுக்கொள்கை வகுத்தவர் ஃபேர்பேர்ன். ஆயினும் அமர்வில் அவர் பழைய முறைப்படி விளக்கமளிப்பவராகவே இருந்தார். அமர்வு முடிந்தபின் இருவரும் முகமுகமாய் அமர்ந்து உரையாடியபோதே அவருடைய மனிதத்தன்மையைக் கன்ட்ரிப் சந்தித்தார். வின்னிகாட்டோ, ஓயாது பேசியும் உழைத்தும் வந்த இவ்வாயருக்குள் வெறுமையை அஞ்சும் குழந்தை இருப்பதை விரைவில் கண்டுகொண்டார். செயலின்றியும் ஒருவர் உயிரோடு இருக்கலாம் என்பதை அவர் அருகிலிருந்து உணரச் செய்தார்.

இருப்பினும் அமர்வுகள் முடியும்வரை மறதி நீங்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஜனவரியில் வின்னிகாட் இறந்தார். செய்தி கேட்ட இரவே கன்ட்ரிப்பின் கனவுகள் தொடங்கின. ஏறக்குறைய இரண்டு மாதங்கள், ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கி, அவர் வாழ்ந்த வீடுகளின் வழியே அவை அவரை அழைத்துச் சென்றன. முடிவில் பெர்சியையும், முகமும் கைகளும் மார்பும் இல்லாத ஓர் அன்னை உருவத்தையும் கண்டார். அன்பு காட்ட இயலாத தாயுடன் தனியே விடப்பட்ட குழந்தையின் அனுபவம், 66 ஆண்டுகள் கழித்து அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

ஏன் அப்போது? இவ்வினாவிற்குக் கன்ட்ரிப் அளித்த விடை சிந்திக்கத்தக்கது. வின்னிகாட்டின் மரணம் பெர்சியின் மரணத்தைப் போன்றதே; மீண்டும் ஒருவர் போய்விட்டார். ஆனால் இம்முறை கன்ட்ரிப் தனியாக விடப்படவில்லை. வின்னிகாட்டுடன் கொண்ட உறவு அவருள் ஒரு நிலையான உடனிருப்பாக ஆகிவிட்டிருந்தது. அத்துணையோடு அவர் பழைய வெறுமையை நோக்கத் துணிந்தார். இவ்வரலாற்றை அவர் எழுதிய கட்டுரை 1975இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். பகுப்பாய்வு எவ்வளவு நிறைவான பயனைத் தருகிறது என்னும் வினாவையே அவர் தலைப்பில் சேர்த்திருந்தார். நம்பத்தகுந்த ஒரு மனித உறவை அளிப்பதே சிகிச்சையின் உள்ளடக்கம் என்பது அவர் முடிவு. 1,000 அமர்வுகளின் விளக்கங்கள் வீண் என்று அவர் கூறவில்லை. ஆனால் விளக்கத்தால் மட்டும் கதவு திறக்கவில்லை.

இதுவும் ஒரு தனிமனிதரின் சாட்சியே. பிராயரின் நூலுக்கு நாம் இட்ட கேள்வியை இதற்கும் இடவேண்டும். கன்ட்ரிப்பின் நேர்மையை நாம் ஐயுறவில்லை; தம் தோல்விகளையும் மறைக்காமல் எழுதினார். எனினும் ஒருவருக்கு நிகழ்ந்தது பலருக்கும் அவ்வாறே நிகழுமா என்பதை அறிய வேறு வழி வேண்டும்.

6. எண்ணிக்கையின் தீர்ப்பு

அவ்வழியைக் கடுமையாகத் திறந்தவர் இலண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க். 1952இல் அவர் 24 ஆய்வுகளைத் தொகுத்து, 7,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விளைவுகளை ஒப்பிட்டார். உளப்பகுப்பாய்வு பெற்றவருள் 44 விழுக்காட்டினரும், பிற உளமருத்துவம் பெற்றவருள் 64 விழுக்காட்டினரும், பொது மருத்துவரின் கவனிப்போ மருத்துவமனைப் பராமரிப்போ மட்டும் பெற்றவருள் 72 விழுக்காட்டினரும் நலமடைந்தனர் என்றார். சிகிச்சையின்றியே மூவரில் இருவர் ஈராண்டில் தேறுகின்றனர் எனின், உளமருத்துவத்தின் பயன் என்ன?

இடையில் விலகியவர்களைத் தோல்வியாகக் கணக்கிட்டதனாலேயே பகுப்பாய்வின் எண் அவ்வளவு தாழ்ந்தது. ஒப்பிட்ட குழுக்களும் ஒத்தவை அல்ல. இவை பின்னர் நன்கு எடுத்துக்காட்டப்பட்டன. ஆயினும் அவ்வடி தேவையானதாக இருந்தது. தம் வெற்றிகளைத் தாமே எழுதிவந்த மருத்துவர்கள், ஒப்பீட்டுக் குழுக்களோடு ஆய்வு செய்யத் தொடங்கினர். 1977இல் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைப் புதிய புள்ளியியல் முறையால் ஒன்றுசேர்த்து, சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவருள் 75 விழுக்காட்டினரைவிட நலமாக உள்ளார் என்று காட்டினர். சிகிச்சை முறைகளுக்கு இடையிலான வேறுபாடோ மிகச் சிறிதாகவே இருந்தது. உளமருத்துவம் பயன் தருகிறது என்பது தெளிவாயிற்று. எதனால் என்பது இன்னும் புதிராயிற்று.

அமெரிக்காவில் டொபீகா நகரின் மெனிங்கர் நிறுவனத்தில் 1954இல் தொடங்கிய ஆய்வு இன்னொரு வழியைப் பின்பற்றியது. 42 நோயாளிகளே ஆயினும், அவர்களுடைய வாழ்வைச் சுமார் 30 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ராபர்ட் வாலர்ஸ்டைன் 1986இல் அதன் பயனைப் பெருநூலாக வெளியிட்டார். உள்ளொளி தரும் விளக்கமே ஆழ்ந்த மாற்றத்தைத் தரும், ஆதரவு தருவது மேற்போக்கான நலமே தரும் என்பதே ஆய்வாளரின் எதிர்பார்ப்பு. கண்டதோ வேறு. தூய பகுப்பாய்வு என்று தொடங்கிய சிகிச்சைகளிலும் ஆதரவின் பங்கு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஆதரவால் விளைந்த மாற்றங்களும் விளக்கத்தால் விளைந்தவற்றைப் போலவே நிலைத்து நின்றன. வாலர்ஸ்டைன் தாமே உளப்பகுப்பாய்வாளர். தம் மரபின் எதிர்பார்ப்புக்கு மாறானதைக் கண்டும் அதனை அவ்வாறே எழுதிய நேர்மை, சமய நூலாசிரியர்களாகிய நமக்கும் முன்மாதிரி.

7. அண்மைக் கால ஆய்வுகள்

பின்னர் ஆய்வாளர் சிகிச்சை அறையின் உள்ளேயே நோக்கினர். ஒலிப்பதிவுகள் இதற்குத் துணைநின்றன. எட்வர்டு போர்டின் 1979இல், நோக்கத்தில் உடன்பாடு, செய்யவேண்டியதில் உடன்பாடு, இருவருக்கிடையே பிணைப்பு என்னும் மூன்றும் சேர்ந்ததே பணியுறவு என்று வரையறுத்தார். இவ்வுறவின் வலிமைக்கும் சிகிச்சையின் பயனுக்கும் தொடர்பு உண்டென்று 1991இல் 24 ஆய்வுகளைத் தொகுத்த ஹோர்வத், சைமண்ட்ஸ் இருவரும் காட்டினர். அத்தொடர்பு அளவில் நடுத்தரமானதே. ஆனால் பல்வகைச் சிகிச்சைகளிலும் காணப்பட்டது. உறவு முறியும் வேளைகளை ஆராய்ந்த ஜெரமி சாஃப்ரனும் அவர் தோழர்களும், முறிவே இல்லாத உறவைத் தேடவேண்டுவதில்லை, முறிவை இருவரும் ஒப்புக்கொண்டு சீர்செய்வதே பயன் தருவது என்றனர். டேனியல் ஸ்டெர்ன் முதலிய பாஸ்டன் குழுவினர் 1998இல், விளக்கத்திற்கு அப்பாற்பட்டு இருவர் மெய்யாகச் சந்திக்கும் கணங்கள் உண்டென்றும், அவை உறவின் அமைப்பையே மாற்றுகின்றன என்றும் எழுதினர். யுங் 1929இல் கூறியதற்கு இது மிக அண்மையில் நிற்கிறது.

காலத்தின் பங்கும் வெளிப்பட்டது. இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையின் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பல சிகிச்சைகளுக்கும் இணங்காத மனச்சோர்வுடைய 129 பேர் இதில் பங்குபெற்றனர். ஒரு பகுதியினருக்கு 18 மாதங்கள் வாரந்தோறும் உள இயக்கவியல் சிகிச்சை அளிக்கப்பட்டது. மற்றவர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். சிகிச்சை முடிவில் இரு குழுவினருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தொடக்கத்திலிருந்து 42 மாதங்கள் சென்றபின், ஓரளவேனும் நலமுற்ற நிலையில் இருந்தோர் முதற் குழுவில் 30 விழுக்காடு, மற்றதில் 4.4 விழுக்காடு. முடிவு நாளில் மட்டும் அளந்திருந்தால், அம்மாற்றம் கண்ணுக்குப் புலப்பட்டிருக்காது. பத்தில் எழுவர் அந்நிலையில் இல்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

யுங் வழியினர் நெடுங்காலம் எண்ணிக்கை ஆய்வை நாடவில்லை. ஒவ்வொருவரின் தனித்துவத்தையும் எண்ணால் அளக்க இயலாது என்பது அவர்கள் எண்ணம். 1990கள் முதல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இந்நிலை மாறிற்று. அவ்வாய்வுகளைக் கிறிஸ்தியான் ரோஸ்லர் 2013இல் தொகுத்தார். சராசரியாக 90 அமர்வுகளில் அறிகுறிகள் குறைந்ததோடு, உறவுகளிலும் ஆளுமையிலும் மாற்றங்கள் காணப்பட்டன. சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகள்வரை அவை நிலைத்திருந்தன. எனினும் இவை நடைமுறையில் உள்ள சிகிச்சையை உற்றுநோக்கிய ஆய்வுகளே. குலுக்கல் முறையில் குழுக்களைப் பிரித்து ஒப்பிட்டவை அல்ல. இக்குறையை ரோஸ்லரே எடுத்துக் கூறினார்.

8. நாம் கற்பவை

இவ்வரலாற்றிலிருந்து ஆற்றுப்படுத்தும் பணிக்கு மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சாட்சியை மதித்தலும் சோதித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அன்னா ஓ. வின் வரலாற்றை அவசரமாக நிறைவுசெய்தது மருத்துவரின் ஆவல். நம் ஆவலும் அத்தகையதே. அண்மையில் மாறியவரை மேடையேற்றுவது, அவருடைய தேவைக்காகவா நம்முடைய தேவைக்காகவா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

இரண்டாவது, சொல்லுக்கு உறவு நிலமாக வேண்டும். சொல்லின் ஊழியத்திற்கு அழைக்கப்பட்டவர்கள் நாம். அதனை இவ்வரலாறு சிறுமைப்படுத்தவில்லை. யோபின் நண்பர் மூவரும் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவர்கள் செய்த நற்பணி அதுவே. வாய்திறந்து விளக்கமளிக்கத் தொடங்கியபின்னரே பிழைபட்டனர்.

மூன்றாவது, மாற்றம் நம் நாள்காட்டியின்படி நடப்பதன்று. கன்ட்ரிப்புக்கு மருத்துவர் மறைந்த பின்னர் வந்தது. டாவிஸ்டாக் நோயாளிகளுக்குச் சிகிச்சை முடிந்த பின்னர் தெளிவாயிற்று. விதைத்தவர் அறுவடையைக் காணாதிருக்கலாம். நிக்கொதேமுவும் இரவில் வந்து கேட்ட அன்றே வெளிப்படையாக மாறவில்லை. யோவான் அவரை மீண்டும் ஆலோசனைச் சங்கத்திலும், முடிவில் கல்லறையருகிலும் காட்டுகிறார்.

தொடக்கத்தில் கூறிய சகோதரரின் வரலாற்றை முடித்துவிடுகிறோம். நாம் அச்சபையை விட்டு மாற்றலாகி வந்தபின், சபை மூப்பர் ஒருவர் மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்திருந்தார். ஜெபிக்க அழைக்கவுமில்லை, புத்திமதி கூறவுமில்லை. பயிரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வருவார். அச்சகோதரர் மேலும் இருமுறை வீழ்ந்தார். அப்போதும் மூப்பர் மறுநாள் மாலை சென்றார். சில ஆண்டுகள் கழித்து நாம் அவ்வூருக்குச் சென்றபோது, அவரை ஆலயத்தின் பின்வரிசையில் கண்டோம். ஆராதனை முடிந்து அருகில் சென்று, அன்று தேடி வராததற்காக மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை ஐயரவர்களே, மூப்பர் ஐயா வந்துகொண்டிருந்தார்" என்றார்.

இம்முறை நாம் அவரிடம் சாட்சி கேட்கவில்லை.